எஞ்சின் நின்றாலும் லிப்ட் இறங்கும்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். சென்ற இதழில் வந்த டிராக்டர் பராமரிப்புக் கட்டுரை ஆயில் மாற்றுவது முதல் டயர் காற்று வரை விரிவாகச் சொல்லியிருந்தும், இருக்கையின் வலப்புறம் உள்ள, பின்னால் மாட்டும் கருவியைத் தூக்கி இறக்கும் ஹைட்ராலிக் லீவர்களைப் பற்றி ஒரு வரியும் எழுதாதது குறையாகப் பட்டது.

தாளடி அறுவடை முடிந்து எங்கள் வயலில், சுழலும் கத்திகளால் மண்ணைக் கிளறும் ரோட்டவேட்டரை டிராக்டரில் மாட்டி ஓட்டியபோது கத்திகளில் வைக்கோல் சுற்றிக்கொண்டது. ஓட்டுநர் எஞ்சினை நிறுத்தி, ரோட்டவேட்டரைத் தூக்கிய நிலையிலேயே விட்டுவிட்டு, குனிந்து அரிவாளால் வைக்கோலை அறுத்துக்கொண்டிருந்தார். மட்கார்டில் உட்கார்ந்திருந்த என் தங்கை மகன் தண்ணீர்ப் பாட்டிலை எடுக்கத் திரும்ப, அவன் முழங்கால் பட்டு லீவர் முன்னே சரிந்தது. ஏறத்தாழ 400 கிலோ இரும்பு இறங்கியதில் ஓட்டுநர் கையை உருவிக்கொண்டார். அரிவாள் பிடி மட்டும் நசுங்கியது.

“எஞ்சின்தான் ஓடலையே” என்று அவர் அன்று முழுக்கச் சொல்லிக்கொண்டிருந்தார். தூக்குவதற்குத்தான் பம்ப் ஓட வேண்டும். தூக்கிய கருவியைத் தாங்கி நிற்பது சிலிண்டருக்குள் அடைபட்ட ஆயில், லீவர் நகர்ந்து வால்வு திறந்தால் பாரம் தன் எடையாலேயே இறங்கிவிடும் என்பது பத்து வருடம் ஓட்டியவருக்கும் தெரிந்திருக்கவில்லை.

பல டிராக்டர்களில் இருக்கைக்கு அடியில், கருவி இறங்கும் வேகத்தை மட்டுப்படுத்தும் திருகு இருக்கிறது; சாலையில் போகும்போது அதை முழுவதும் மூடிவிட்டால் கை தவறி லீவரில் பட்டாலும் கருவி இறங்காது. ஆனால் அதை நம்பி அடியில் கை விடக்கூடாது; கருவியைத் தரையில் இறக்க வேண்டும், தூக்கித்தான் ஆக வேண்டுமென்றால் கனமான கட்டை கொடுக்க வேண்டும்.

பொக்லைனில் இருக்கையருகே உள்ள பூட்டு லீவரைத் தூக்கினால் மற்ற லீவர்கள் வேலை செய்யாது. அவ்வளவு பெரிய ஏற்பாடு டிராக்டருக்கு வேண்டாம். அழுத்தினால்தான் லீவர் நகரும்படி ஒரு கொக்கி போதும். டிரெய்லர் பெட்டியைத் தூக்கும் டிப்பர் லீவருக்கு இது இன்னும் அவசியம், ஏனெனில் மின்கம்பிக்குக் கீழே பெட்டி தானாக எழும்பினால் என்னாகும் என்று சொல்லத் தேவையில்லை. வாடகைக்கு டிராக்டர் விடும் வேளாண்மைப் பொறியியல் துறை தன் வண்டிகளிலிருந்தே இதைத் தொடங்கலாம். மத்தியப் பிரதேசத்துப் புத்னியில் உள்ள மத்தியப் பரிசோதனை நிலையமும் டிராக்டர்களைச் சோதிக்கும்போது கவனிக்கலாம்.

எங்கள் வண்டிக்கு உள்ளூர் வெல்டிங் பட்டறையில் ஒரு கொக்கி செய்து மாட்டியாகிவிட்டது. மட்கார்டில் யாரையும் ஏற்றுவதில்லை. தங்கை மகனுக்குத்தான் அதில் வருத்தம்.

இப்படிக்கு,
ஒரு வாசகர்,
மன்னார்குடி