வாடகைக்கு விட்ட மைதானம்: ஜோஷ் கிப்சனுக்கு ஒரு கடிதம்

அன்புள்ள ஜோஷ் கிப்சன் அவர்களுக்கு,

நான் கிரிக்கெட் பார்த்து வளர்ந்தவன். பேஸ்பால் விதிகள் எனக்கு இன்றும் அரைகுறைதான். ஆனாலும் உங்கள் கதையைப் படித்த நாளிலிருந்து அதை விட முடியவில்லை. நம்மூர் விக்கெட் கீப்பர் மாதிரி, மணிக்கணக்கில் குந்தியிருந்து பந்து பிடிக்கிற கேட்ச்சர் நீங்கள். அதே முழங்கால்களோடு எழுந்து வந்து மட்டையைத் தூக்கினால் பந்து சுவரைத் தாண்டிவிடுமாம்.

அமெரிக்க பேஸ்பாலின் உச்சமான மேஜர் லீக் அந்நாளில் கறுப்பர்களைச் சேர்க்கவில்லை; அவர்கள் தனியாக ஆடியதுதான் நீக்ரோ லீக். 2024 மே மாதம் அந்த நீக்ரோ லீக் கணக்குகளை மேஜர் லீக் தன் ஏட்டில் சேர்த்துக்கொண்டது. உங்கள் மட்டைச் சராசரி 0.372, அதாவது ஆயிரம் வாய்ப்புக்கு 372 வெற்றி அடி. 0.300 அடித்தாலே அங்கே நட்சத்திரம்! பல பத்தாண்டுகள் முதலிடத்தில் இருந்த டை காப் 0.367உடன் இரண்டாமிடத்துக்கு இறங்கினார். அடியின் வலுவைச் சொல்லும் கணக்கிலும் நீங்கள் 0.718, மேஜர் லீக்கின் பேர்பெற்ற அடிகாரர் பேப் ரூத் 0.690. உங்களைக் 'கறுப்பு பேப் ரூத்' என்றார்கள். ரூத்தைத்தான் 'வெள்ளை ஜோஷ் கிப்சன்' என்று சொல்ல வேண்டும் என்று உங்கள் ரசிகர்கள் திருப்பிக் கொடுத்தார்கள். கணக்கு ரசிகர்கள் பக்கம்தான் இருக்கிறது.

நீங்கள் ஆடிய லீக் ஆட்டங்கள் குறைவு என்று இப்போதும் சிலர் முணுமுணுக்கிறார்கள். குறைவுதான். குறைத்தது யார்?

எனக்கு ஆறாதது வாஷிங்டன் விவகாரம். அந்த ஊர் மேஜர் லீக் அணி வெளியூர் போகிற நாட்களில், கிரிஃபித் ஸ்டேடியத்தை உங்கள் ஹோம்ஸ்டெட் கிரேஸ் அணிக்கு வாடகைக்கு விட்டார்கள். அதே புல், அதே கோடுகள், இடப்பக்கம் ஏறக்குறைய 400 அடி தள்ளி அதே சுவர். அந்த மேஜர் லீக் அணியின் முதலாளி கிளார்க் கிரிஃபித் நீங்கள் அடித்ததைக் கண்ணால் பார்த்தவர். உங்களையும் உங்கள் அணித் தோழர் பக் லெனர்டையும் ஒருமுறை கூப்பிட்டுப் பேசினாராம். ஒப்பந்தம் மட்டும் வரவில்லை. வாடகையை வாங்கிப் பையில் போட்டுக்கொண்டார். அதை வாங்குவதற்கு யாருடைய நிறமும் குறுக்கே நிற்கவில்லை. கறுப்பர்களைச் சேர்க்கக் கூடாது என்று எங்கள் விதியில் எதுவுமே இல்லையே என்று பேஸ்பால் கமிஷனர் லாண்டிஸ் 1942இல் கைவிரித்தார். உண்மைதான், அதை எழுதி வைக்க வேண்டிய தேவையே அவர்களுக்கு இருக்கவில்லை.

அப்புறம் மூளைக்கட்டி, தலைவலி, குடி. 1947 ஜனவரி 20இல் பிட்ஸ்பர்க்கில் இறந்தபோது உங்களுக்கு வயது 35. அதே ஆண்டு ஏப்ரல் 15இல் ஜாக்கி ராபின்சன் என்கிற கறுப்பு வீரர் மேஜர் லீக்கின் நிறத் தடையை உடைத்து புரூக்ளின் அணிக்காக இறங்கினார். இடையில் மூன்று மாதம்கூட இல்லை. மனமுடைந்து செத்தார் என்று சிலர் எழுதுகிறார்கள். கேட்க உருக்கமாக இருக்கிறது, ஆனால் எனக்கு உடன்பாடில்லை. அப்படிச் சொன்னால், கதவைச் சாத்தியவர்களை விட்டுவிட்டு உங்கள் மனத்தின் மேல் அல்லவா பழி விழுகிறது?

1972இல் கூப்பர்ஸ்டவுன் பேஸ்பால் புகழ்க்கூடத்தில் உங்கள் பெயர் ஏறியது. அப்போதும் அலெகெனி கல்லறைத் தோட்டத்தில் உங்கள் குழிமேல் ஒரு அடையாளக் கல் கிடையாது. 1975இல்தான் வைத்தார்கள். பெயர், பிறந்த ஆண்டு, இறந்த ஆண்டு, காலம் மறக்காத பேஸ்பால் வீரர் என்கிற பொருளில் ஒரு வரி. அவ்வளவுதான்.

'கறுப்பு' என்ற அடைமொழி அதில் இல்லை.

இப்படிக்கு,
தூரத்திலிருந்து ஒரு ரசிகன்