அம்பத்தூரிலிருந்து குமரி வரை கூட வந்தவர்களுக்கு

அன்புள்ள எல்லோருக்கும்,

வணக்கம். கன்னியாகுமரியில் சைக்கிளை விட்டு இறங்கி ஒன்பது நாள் ஆகிவிட்டது. எங்களில் இரண்டு பேர் கேன்டீனில் இன்னும் நின்றுகொண்டுதான் சாப்பிடுகிறார்கள். மற்றவர்கள் ஒருவழியாக உட்காரும் நிலைக்கு வந்துவிட்டதால் இந்த மடல்.

நாங்கள் அம்பத்தூர் தொழிற்பேட்டையில் ஒரே கம்பெனியில் வேலை பார்க்கும் பதினொரு பேர். லேத்தில் நிற்பவர், ஸ்டோர்ஸ் பார்ப்பவர், கணக்கு எழுதுபவர் என்று கலந்த கூட்டம். ஐந்து நாளில் ஏறக்குறைய 710 கிலோமீட்டர் மிதித்தோம். எதற்காக என்பது உங்களில் பலருக்குத் தெரியும். அசெம்பிளி பிரிவு அக்காவின் மகளுக்கு ஆறு வயதிலேயே டைப் 1 சர்க்கரை. கணையத்தில் இன்சுலின் சுரக்கும் செல்களை உடம்பே அழித்துவிடுகிற நோய் அது. மிட்டாய் தின்று வருவதில்லை. ஆனாலும் "இனிப்பு நிறையக் கொடுத்தியா?" என்று அக்காவைக் கேட்காத ஆள் கிடையாது. நாங்களும் கேட்டிருக்கிறோம். அதற்கு அவரிடம் இங்கேயே மன்னிப்பும் கேட்டுக்கொள்கிறோம்.

இன்சுலின் அரசு மருத்துவமனையில் இலவசமாகக் கிடைக்கிறது. விரலில் குத்திப் பார்க்கிற ஸ்ட்ரிப்தான் செலவு. ஒன்று 20 ரூபாய் என்று வைத்தாலும், நாளைக்கு நான்கு முறை பார்த்தால் 80 ரூபாய். கை நெருக்கடி வந்தால் முதலில் இதில்தான் கை வைப்பார்கள். இதற்காக நீங்கள் கொடுத்தது மொத்தம் 6,13,450 ரூபாய். இதே நோயுள்ள 21 பிள்ளைகளுக்கு ஒரு வருடத்து ஸ்ட்ரிப் வாங்கலாம், 250 ரூபாய் மிச்சம். அந்த 250-ஐ என்ன செய்வது என்று ஒரு மணி நேரம் விவாதித்தோம். கடைசியில் ஊசிக்குப் போனது.

முதல் நன்றி, எங்கள் லோடு லாரி ஓட்டும் அண்ணனுக்கு. ஆடி மாதம் கிளம்புவதாகத்தான் முதலில் திட்டம். "ஆரல்வாய்மொழிக் காத்து லாரியையே ஆட்டும், உங்க சைக்கிள் எம்மாத்திரம்? தை பொறக்கட்டும்" என்றார். தை பிறந்த பிறகு போனோம். காவல்கிணறு பக்கம் காற்றாலைகள் மெதுவாகச் சுற்றிக்கொண்டிருந்ததைப் பார்த்தபோது அவரைத்தான் நினைத்துக்கொண்டோம்.

கம்பெனி கேட்டுக்கு எதிரே டீக்கடை வைத்திருப்பவர், எங்கள் உண்டியலை மூன்று மாதம் கல்லாவுக்குப் பக்கத்திலேயே வைத்திருந்தார். திறந்து பார்த்தால் பாதிக்கு மேல் பத்து ரூபாய்க் காசு. செல்லாது என்று பஸ்ஸிலும் கடையிலும் தள்ளிவிட்ட காசையெல்லாம் நம் ஜனங்கள் தர்மத்துக்குப் போட்டிருக்கிறார்கள். செல்லும், செல்லும். வங்கியில் மறுபேச்சில்லாமல் எண்ணி வாங்கிக்கொண்டார்கள்.

அக்காவும் வேனில் வந்தார். முதலில் நாங்கள் வேண்டாம் என்றோம். ஐந்து நாள் அலைச்சல் அவருக்கு எதற்கு என்ற எண்ணம். அவர் வராமல் இருந்திருந்தால்? முதல் நாள் திண்டிவனம் தாண்டியதும் ஸ்டோர்ஸ் தம்பி திடீரென்று ஓரமாக நிறுத்திவிட்டான். முகமெல்லாம் குளிர்ந்த வியர்வை, கை நடுக்கம், தண்ணீர் கொடுத்தவரிடம் எரிந்து விழுந்தான். நாங்கள் வெயில் என்றோம், தூக்கம் போதவில்லை என்றோம். அக்கா வேனிலிருந்து இறங்கி வந்து அவன் கண்ணைப் பார்த்தார். ஒன்றும் பேசாமல் விரலில் குத்தினார். சர்க்கரை இறங்கிப்போய் மீட்டர் 62 காட்டியது. காலையில் இரண்டே இட்லியோடு கிளம்பியிருக்கிறான், வழியில் எதுவும் வாயில் போடவில்லை. தண்ணீரில் குளுக்கோஸைக் கரைத்துக் குடிக்க வைத்தார். கால் மணி நேரத்தில் எழுந்து சாரி கேட்டான். "என் பொண்ணு இப்படித்தான் திடீர்னு கோபப்படுவா. அடம்னு நெனச்சு ஆரம்பத்துல அடிச்சிருக்கேன்" என்று மட்டும் அக்கா சொன்னார். அதற்கப்புறம் விழுப்புரம் வரை யாரும் அதிகம் பேசவில்லை.

விழுப்புரத்தில் முன்பணம் வாங்கியிருந்த ஒரு லாட்ஜ், சைக்கிளோடு வந்தால் அறை இல்லை என்றுவிட்டது. அவர்கள் பெயர் இங்கே வேண்டாம். பக்கத்துக் கல்யாண மண்டபத்தைத் திறந்துவிட்டு, விடியும்வரை சைக்கிள்களுக்குக் காவலும் இருந்த வாட்ச்மேன் ஐயாவுக்குத்தான் நன்றி. விராலிமலைக்கு முன்னால் பாதயாத்திரைப் பந்தலில் நீர்மோர் ஊற்றியவர்களுக்கும். நாங்கள் எந்தக் கோயிலுக்குப் போகிறோம் என்றுகூட அவர்கள் கேட்கவில்லை.

துவரங்குறிச்சி சைக்கிள் கடைக்காரரைத் தனியாகச் சொல்ல வேண்டும். வேனில் சைக்கிள்களை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கியது எங்கள் புத்திசாலித்தனம். அதில் ஒன்றின் பின் கியரைத் தாங்கும் துண்டு வளைந்து, சங்கிலி சக்கரக் கம்பியில் போய் மாட்டிக்கொண்டது. மதுரைக்குப் போனால்கூட அந்தத் துண்டு கிடைக்குமா என்பது சந்தேகம். கடைக்காரர் சைக்கிளைத் தலைகீழாக நிறுத்தி ஒரு பீடி முடியும்வரை பார்த்தார். "தம்பி, கியரு முக்கியமா, ஊரு போய்ச் சேர்றது முக்கியமா?" அவ்வளவுதான். கியர் அமைப்பை அப்படியே கழற்றிக் கையில் கொடுத்துவிட்டு, சங்கிலியை வெட்டிச் சுருக்கி, நடுப்பல்லில் போட்டு ஒற்றைக் கியர் ஆக்கிவிட்டார். இருபது நிமிடம். ஒரு பைசா வாங்கவில்லை. அங்கிருந்து குமரி வரை அந்தச் சைக்கிள் ஒரு தொந்தரவும் கொடுக்கவில்லை. அதன் சொந்தக்காரர் இன்றும் ஒற்றைக் கியரில்தான் வேலைக்கு வருகிறார், கேட்டால் பெருமையாகச் சொல்கிறார்.

எங்கள் ஷிப்டையும் சேர்த்துப் பார்த்த மெஷின் ஷாப் தோழர்களே, உங்களுக்குக் கோவில்பட்டிக் கடலைமிட்டாய் ஐந்து கிலோ வந்திருக்கிறது. ஆறு கிலோ வாங்கினோம். லீவு கொடுத்த மேனேஜருக்கும், பொங்கல் முடிந்த கையோடு விட்டுவிட்டு ஓடினோம் என்று இன்னும் கோபமாக இருக்கும் வீட்டாருக்கும் நன்றி.

கடைசியாக ஒன்று. நாங்குநேரி தாண்டி, ஒரு புளியமரத்தடியில் மூச்சு வாங்கிக்கொண்டிருந்தபோது ஒரு ஆச்சி வந்து, "குடிச்சுட்டுப் போங்கய்யா, வெயிலு மண்டையப் பொளக்கு" என்று நீராகாரம் கொடுத்தார். சின்ன வெங்காயமும் கூட இருந்தது. குடித்து முடிப்பதற்குள் ஆடு வயலில் இறங்கிவிட்டது என்று ஓடிவிட்டார். அந்த எவர்சில்வர் தூக்கு எங்களிடம்தான் இருக்கிறது. அடியில் "சு. மு." என்று வெட்டியிருக்கிறது. கழுவித் துடைத்து வைத்திருக்கிறோம். அந்தப் பக்கத்து ஆட்கள் யாராவது இதைப் படித்தால் ஆச்சியிடம் ஒரு வார்த்தை சொல்லுங்கள். நாகர்கோவில் லோடு போகும்போது லாரி அண்ணன் கொண்டுவந்து கொடுத்துவிடுவார்.

அன்புடன்,
பதினொரு பேரும், வேனில் வந்த அக்காவும்