மாநிலங்களவையில் இருக்கும் நம் தமிழ்நாட்டுப் பதினெட்டுப் பேருக்கு

மதிப்புக்குரிய உறுப்பினர்களே,

வணக்கம். உங்களில் ஒருவருக்குக்கூட நான் வாக்களித்ததில்லை. அது என் குற்றமுமல்ல, உங்கள் குற்றமுமல்ல. அரசியல் சட்டத்தின் 80-ஆவது பிரிவு அப்படி. நாங்கள் தேர்ந்தெடுத்த 234 சட்டமன்ற உறுப்பினர்கள் உங்களைத் தேர்ந்தெடுக்கிறார்கள். ஒரே நேரத்தில் ஆறு இடங்கள் காலியானால், ஒருவர் ஜெயிக்க 34 வாக்குகள் போதும். அந்தக் கணக்கைக் கட்சிகள் முன்கூட்டியே போட்டுப் பங்கிட்டுக்கொண்டால் வாக்குப்பெட்டிக்கு வேலையே இல்லை. 2025 ஜூனில் ஆறு பேரும் போட்டியின்றித்தான் தேர்வானார்கள்.

நான் பள்ளியில் பல ஆண்டுகள் குடிமையியல் நடத்தியவன். 'மாநிலங்களவை என்பது மாநிலங்களின் அவை' என்று எழுதிய பிள்ளைகளுக்கெல்லாம் முழு மதிப்பெண் போட்டிருக்கிறேன். ஓய்வு பெற்ற பிறகு மசோதாக்களையும் அவை நடவடிக்கைகளையும் உட்கார்ந்து படிக்க நேரம் கிடைத்தது. இப்போது அந்த விடைத்தாள்கள் திரும்பி வந்தால் பாதி மதிப்பெண்தான் போடுவேன்.

மாநிலங்களின் அவை என்றால் எல்லா மாநிலங்களுக்கும் சம இடம் இருக்கும் என்றுதான் யாரும் நினைப்பார்கள். அமெரிக்காவின் செனட்டில் அப்படித்தான், மாநிலத்துக்கு இரண்டு பேர். இங்கே மக்கள்தொகைதான் அளவுகோல். உத்தரப் பிரதேசத்துக்கு 31, நமக்கு 18. அந்தந்த மாநிலத்தில் வசிப்பவர்தான் உறுப்பினராகலாம் என்ற நிபந்தனையையும் 2003-இல் எடுத்துவிட்டார்கள். உச்ச நீதிமன்றம் 2006-இல் அதைச் சரியென்றது. அதே 2003 திருத்தத்தில்தான் உங்களைத் தேர்ந்தெடுக்கும் வாக்கைக் கட்சியின் முகவரிடம் காட்டிவிட்டுப் போட வேண்டும் என்ற முறையும் வந்தது. பணத்துக்கு வாக்கு மாறக் கூடாது என்பது நோக்கம். நல்ல நோக்கம்தான். ஆனால், உங்களை அனுப்புவது யார் என்பதில் இருந்த கொஞ்சநஞ்சச் சந்தேகமும் அத்துடன் தீர்ந்துபோயிற்று.

இதனால் அந்த அவை வீண் என்று சொல்ல வரவில்லை. 1962-இல் காஞ்சிபுரம் தொகுதியில் தோற்ற அண்ணா அங்கேதான் போனார். பின்வாசல் என்று கேலி பேசலாம். அந்த வாசல் வழியாகப் போனவர் என்ன பேசினார் என்பதை இன்றும் நாம் சொல்லிக்கொண்டிருக்கிறோம். மாநிலப் பட்டியலில் உள்ள ஒன்றைப் பற்றித் தேச நலன் கருதி நாடாளுமன்றம் சட்டம் இயற்ற 249-ஆவது பிரிவின்படி அனுமதி கொடுக்கும் அதிகாரம் உங்கள் அவைக்கு மட்டுமே உண்டு. அரசியல் சட்டத் திருத்தம் என்றால் இரண்டு அவைகளும் தனித்தனியே நிறைவேற்றியாக வேண்டும். கூட்டுக் கூட்டம் நடத்தி உங்களை எண்ணிக்கையில் அமுக்கிவிட முடியாது.

இவ்வளவு பலமுள்ள இடத்தில் நம்மவர்கள் என்ன செய்தார்கள் என்பதற்கு 2016 ஆகஸ்ட் 3 ஓர் உதாரணம். ஜி.எஸ்.டி.க்கான அரசியல் சட்டத் திருத்தம் வாக்கெடுப்புக்கு வந்தது. அதை எதிர்த்த அ.தி.மு.க. வெளிநடப்புச் செய்தது. ஆதரவு 203, எதிர்ப்பு பூஜ்யம். அவையின் மொத்த உறுப்பினர்களில் பாதிக்கு மேலும், அவையில் இருந்து வாக்களிப்பவர்களில் மூன்றில் இரண்டு பங்கும் வேண்டும் என்பதுதான் அங்கே விதி. வெளியே போனவர் எதிர்த்தவராகக் கணக்கில் வரமாட்டார். அவர் போனதில் அந்த மூன்றில் இரண்டு பங்குக்குத் தேவையான எண்ணிக்கைதான் குறைகிறது. வெளிநடப்பு எல்லாக் கட்சிகளுக்கும் பிடித்த ஆயுதம் என்பதால் ஒரு கட்சியை மட்டும் குறை சொல்லவில்லை.

இப்போது பண மசோதாவுக்கு, அதாவது வரி, அரசுச் செலவு போன்றவற்றை மட்டும் பற்றிய மசோதாவுக்கு, வருகிறேன். என் கோபத்தின் பெரும்பகுதி அங்கேதான் இருக்கிறது. ஒரு மசோதாவைப் பண மசோதா என்று மக்களவை சபாநாயகர் சான்றளித்துவிட்டால் உங்களுக்குக் கிடைப்பது 14 நாள். நீங்கள் திருத்தம் சொல்லலாம். கேட்பதும் கேட்காததும் மக்களவையின் விருப்பம். 2016 மார்ச்சில் பண மசோதாவாக வந்த ஆதார் மசோதாவுக்கு உங்கள் அவை ஐந்து திருத்தங்கள் சொன்னது. மக்களவை அன்றைக்கே ஐந்தையும் தள்ளிவிட்டது. அடுத்த ஆண்டு நிதி மசோதாவும் அப்படித்தான் வந்தது. ஒரு நிறுவனம் தன் மூன்றாண்டுச் சராசரி நிகர லாபத்தில் 7.5 சதவீதத்துக்கு மேல் கட்சிகளுக்குக் கொடுக்கக் கூடாது என்ற வரம்பை அதில் எடுத்தார்கள். கொடுப்பவர் பெயர் வெளியே தெரியாமல் கட்சிகளுக்குப் பணம் கொடுக்கும் தேர்தல் பத்திரத்துக்கும் அதிலேயே வழி செய்தார்கள். மாநிலங்களவை அதற்கும் திருத்தம் சொன்னது, அதுவும் குப்பைக்குப் போனது. 2024 பிப்ரவரி 15-இல் உச்ச நீதிமன்றம் தேர்தல் பத்திரத்தையும் வரம்பு நீக்கியதையும் செல்லாதென்றது. இடையில் ஏழு ஆண்டுகள், கட்சிகளுக்கு வந்து சேர்ந்த ஆயிரக்கணக்கான கோடிகள்.

அந்தப் பணத்தைக் கொடுத்தவர்களுக்கு உங்களைச் சந்திக்க வேண்டிய தேவையே இருந்திருக்காது என்பதுதான் எனக்கு உறைத்தது. சட்டம் யாருக்குச் சாதகம் என்று நாம் உறுப்பினர்களைச் சுற்றித் தேடிக்கொண்டிருக்கிறோம். 2005-இல் கேள்வி கேட்கக் காசு வாங்கியதாகப் பதினொரு பேரை இரண்டு அவைகளும் வெளியேற்றின. அது சில்லறை வியாபாரம். பெரிய காரியம் அமைச்சகத்தில் வரைவு எழுதும் மேசையிலும் கட்சித் தலைமையின் வரவேற்பறையிலும் முடிந்துவிடுகிறது. மீதியை, எப்படி வாக்களிக்க வேண்டும் என்று கட்சியின் கட்டளையைச் சொல்லும் கொறடாவும் 1985-இன் கட்சித்தாவல் தடைச் சட்டமும் பார்த்துக்கொள்ளும். கட்டளையை மீறினால் பதவி போகும். அமைச்சகங்கள் வரைவை முப்பது நாளாவது பொதுவெளியில் வைக்க வேண்டும் என்று 2014-இல் ஒரு கொள்கை வந்தது. அது சட்டமல்ல, மீறினால் தண்டனையும் இல்லை. அமெரிக்காவில் சட்டம் இயற்றுபவர்களிடம் பிறருக்காகக் காசு வாங்கிக்கொண்டு தரகு பேசுபவர் 1995-ஆம் ஆண்டுச் சட்டப்படி பதிவு செய்துகொள்ள வேண்டும். நம் நாட்டில் அப்படியொரு சட்டமே இல்லை.

தொழிலதிபர்கள் வந்து பேசுவதே தவறு என்று சொல்லவில்லை. மின்சாரம் பற்றிய மசோதா வந்தால் நூற்பாலை நடத்துபவருக்குச் சொல்ல நிறைய இருக்கும். விசைத்தறி ஓட்டுபவருக்கும் இருக்கும். முன்னவருக்கு டில்லியில் நாலு நாள் தங்கிக் காத்திருந்து பார்த்துவிட்டு வர முடியும்.

ஆகவே, கொறடாவை மீறுங்கள் என்று நான் கேட்கப்போவதில்லை. கேட்டால் நடக்காது. கொறடா வராத அறைகள் சில இருக்கின்றன; அவற்றைப் பற்றித்தான் கேட்கிறேன்.

முதலாவது, மசோதாக்களை ஆராயும் நிலைக்குழு. துறைவாரியாக 24 குழுக்கள், ஒவ்வொன்றிலும் 31 பேர், அதில் பத்துப் பேர் உங்கள் அவையிலிருந்து. அங்கே கட்சிக் கட்டளை கிடையாது. அதிகாரிகளை நேரில் கேட்கலாம், அறிக்கையில் மறுப்புக் குறிப்பு எழுதலாம். 15-ஆவது மக்களவையின் காலத்தில் பத்து மசோதாக்களில் ஏழு குழுக்களுக்குப் போயின. 17-ஆவது மக்களவையின் காலத்தில் ஆறில் ஒன்றுதான். 2020 செப்டம்பர் 20, ஞாயிற்றுக்கிழமை, வேளாண் மசோதாக்கள் எந்தக் குழுவுக்கும் போகாமல் குரல் வாக்கெடுப்பில் நிறைவேறின. வாக்குகளை எண்ணிப் பார்க்கக் கேட்டும் எண்ணவில்லை; கேட்டவர்கள் தங்கள் இருக்கைகளில் இல்லை என்பது அவைத் துணைத் தலைவரின் விளக்கம். அடுத்த ஆண்டு நவம்பர் 29-இல் ஒரே நாளில், விவாதம் இல்லாமலே, இரண்டு அவைகளும் அவற்றைத் திரும்பப் பெற்றன. ஒரு குழு நாலு மாதம் எடுத்திருந்தால் அதைத் தாமதம் என்றிருப்பார்கள். ஒரு மசோதா குழுவுக்கு வந்து, குழு பொதுமக்களிடம் கருத்துக் கேட்கும்போது அதைத் தமிழில் எங்களுக்குச் சொல்லுங்கள். ஆங்கில நாளேட்டின் விளம்பரம் விசைத்தறிக் கொட்டகைக்கு வருவதில்லை.

அடுத்தது தனிநபர் மசோதா, அதாவது அமைச்சரல்லாத உறுப்பினர் கொண்டுவரும் மசோதா. உங்களில் ஒருவர் கொண்டுவந்ததையே சொல்கிறேன். திருச்சி சிவாவின் திருநர் உரிமை மசோதா 2015 ஏப்ரல் 24-இல் மாநிலங்களவையில் நிறைவேறியது. பல பத்தாண்டுகளில் அப்படி நிறைவேறிய முதல் தனிநபர் மசோதா. மக்களவை அதைக் கடைசிவரை நிறைவேற்றவில்லை. ஆனால் அரசு தானே ஒரு மசோதா கொண்டுவர வேண்டியதாயிற்று, 2019-இல் சட்டமும் வந்தது. அந்தச் சட்டம் திருநர்களுக்கே திருப்தியளிக்கவில்லை என்பது வேறு கதை. மற்ற பதினேழு பேரின் மசோதாக்களைப் பற்றி எங்களுக்கு ஏதும் தெரியாது. இருந்தால் சொல்லுங்கள்.

கடைசியாக ஒரு பதிவேடு. உங்கள் அவை விதி 293-இன்படி ஒவ்வோர் உறுப்பினரும் தன் நிறுவன இயக்குநர் பதவி, ஊதியம் வரும் வேலை, ஆதிக்கம் தரும் அளவிலான பங்குகள், கட்டணம் பெறும் ஆலோசனை, தொழில்முறைப் பணி ஆகிய ஐந்தையும் எழுதிக் கொடுத்தாக வேண்டும். மக்களவையில் இப்படியொரு பதிவேடே இல்லை. இதில் நீங்கள் ஒரு படி மேல்தான். ஆனால் அதைப் பார்க்க நான் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தில் மனுப் போட்டு, பத்து ரூபாய் கட்டிக் காத்திருக்க வேண்டும். நீங்களே எழுதிக் கொடுத்ததை நீங்களே வெளியிட யாருடைய அனுமதியும் தேவையில்லை. அதோடு, ஒரு மசோதா பற்றி உங்களை வந்து பார்த்தவர்களின் பட்டியலையும் சேருங்கள்: எந்த அமைப்பு, என்ன தேதி, எந்தப் பிரிவைப் பற்றிப் பேசினார்கள். யாரும் வரவில்லை என்றால் அதையும் எழுதுங்கள். அதுவும் எங்களுக்குச் செய்திதான்.

அடுத்த கூட்டத்தொடர் தொடங்கும் முன் ஆளுக்கு ஒரு பக்கம் அனுப்பினால் போதும். எங்கள் ஊர் நூலகத்தின் அறிவிப்புப் பலகையில் பதினெட்டுப் பக்கம் ஒட்ட இடம் இருக்கிறது. நூலகரிடம் கேட்டுவிட்டேன், குண்டூசி மட்டும் நான் வாங்கித் தர வேண்டுமாம்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற குடிமையியல் ஆசிரியர் ஒருவர்