‘உனக்கெதுக்கப்பா அது?’ என்று கேட்டவர்களுக்கு

அன்புடையீர், வணக்கம்.

நன்றி மடல் என்றால் பெயர்கள் வரிசையாக இருக்க வேண்டும். இதில் ஒரு பெயரும் இருக்காது. போடலாமா என்று கேட்டோம். பாதிப் பேர் வேண்டாம் என்றார்கள். மீதிப் பேரை மட்டும் போட்டால், விடுபட்டது யார் யார் என்று ஊரே உட்கார்ந்து கணக்குப் போட்டுவிடும். நம் ஊரைப் பற்றித் தெரியாதா? படிக்கும்போது ‘இது நான்தான்’ என்று உங்களுக்குத் தெரியும். சரி, விஷயத்துக்கு வருகிறோம்.

எங்கள் வேலை சின்ன வேலை. காரைக்குடியைச் சுற்றி, கானாடுகாத்தான், பள்ளத்தூர், கோட்டையூர், புதுவயல் பக்கம் தனியாக இருக்கும் முதியவர்களுக்கு மருந்து வாங்கிக் கொடுப்பது, கண் பார்க்க அழைத்துப் போவது, வாரம் ஒருமுறை எட்டிப் பார்ப்பது. முகப்பு ஒரு தெருவில், பின்வாசல் அடுத்த தெருவில். அவ்வளவு பெரிய வீட்டுக்குள் ஒரே ஓர் ஆச்சி. பிள்ளைகள் சென்னையில், சிங்கப்பூரில், அமெரிக்காவில்.

ஆரம்பத்தில் தொழில்நுட்பம் என்று எங்களிடம் இருந்தது இணையத்தில் போட்டுவைத்த ஒரு பெரிய அட்டவணை, அவ்வளவுதான். பெயர், தெரு, கதவு எண், என்ன நோய், என்ன மாத்திரை, மகன் எந்த நாட்டில், எந்த மாதம் வருவார், வேலைக்கு வரும் பெண் எத்தனை மணிக்குக் கிளம்புவார். நிரப்ப நிரப்ப எங்களுக்குப் பெருமை பிடிபடவில்லை. தொண்டர்களுக்கு வசதியாக இருக்கட்டும் என்று, இணைப்பு கிடைத்தால் யாரும் திறந்து பார்க்கலாம் என்று வைத்திருந்தோம். எந்த வீட்டில் யார் தனியாக இருக்கிறார், எப்போது இருக்கிறார் என்று திருடனுக்கு வரைபடம் போட்டுக் கொடுத்திருக்கிறோம் என்பது அப்போது உறைக்கவில்லை.

ஒருநாள் ஓர் ஆச்சிக்கு போன் வந்தது. எங்கள் பெயரைச் சொல்லித்தான் பேசியிருக்கிறார்கள். “உங்க மகன் பொங்கலுக்குத்தானே வர்றாக, அதுக்குள்ள அந்தப் பழைய மரப்பெட்டி, பீங்கான் ஜாடியெல்லாம் விலை பேசி முடிச்சிரலாமா?” பேசியது யார் என்று இன்றுவரை தெரியாது. தகவல் எங்கிருந்து போனது என்பது மட்டும் நன்றாகத் தெரியும்.

மறுநாள் ஆச்சி கூப்பிட்டு அனுப்பினார். வளவில், அதாவது வீட்டின் நடுமுற்றத்தில் உட்காரவைத்து, காபி குடித்து முடிக்கும்வரை ஒன்றும் சொல்லவில்லை. அப்புறம் கேட்டார்: “சர்க்கரை இருக்குன்னு உங்கிட்டச் சொன்னேன். ஊர்கிட்டயா சொன்னேன்? எம்மகன் என்னைக்கு வருவான்னு உனக்கெதுக்கப்பா அது?”

பதில் இல்லை. உண்மையில் அது எங்களுக்கு ஒருநாளும் தேவைப்பட்டதில்லை. அட்டவணையில் ஒரு கட்டம் காலியாக இருந்தது, கேட்டோம். ஆச்சி சுற்றியிருந்த அறைகளைக் காட்டினார். வளவு எல்லாருக்கும் பொது. அறை அந்தந்தப் புள்ளிக்கு, அதாவது கல்யாணமான ஒவ்வொரு மகனின் குடும்பத்துக்கு. அண்ணன் தம்பி ஆனாலும் பூட்டு தனி, சாவி தனி. அதைச் சண்டை என்று யாரும் சொன்னதில்லை, முறை என்றுதான் சொன்னார்கள். அந்தரங்கம் பற்றி நாங்கள் படித்த முதல் பாடம் அதுதான். முதல் நன்றியும் அந்த ஆச்சிக்குத்தான்.

அட்டவணையை அன்று மாலையே இணையத்திலிருந்து எடுத்தோம். அப்புறம் என்ன செய்வது என்று முழித்துக்கொண்டிருந்தபோது வந்தவர், கடைகளில் கணக்கு எழுதியே தலைநரைத்த ஓர் ஐயா. ஐந்தொகை போடுகிற பழக்கம் கையில் இருந்ததால் அட்டவணையின் ஒவ்வொரு கட்டத் தலைப்பிலும் சிவப்புப் பென்சிலை வைத்து, “போன வருசம் இதை யார் எடுத்துப் பார்த்தது?” என்று கேட்டார். யாரும் பார்க்காததை அடித்தார். மருந்து, வேளை, அவசரத்துக்குக் கூப்பிட ஒரு எண் என்ற அளவில் வந்து நின்றது. வீட்டுக்குப் பதில் ஒரு வரிசை எண். எந்த எண் எந்த வீடு என்பது மட்டும் ஒரு காகித நோட்டில், அந்த நோட்டு பெட்டகத்துக்குள். தொலைபேசி தொலைந்தாலும் வீடு தெரியாது, நோட்டு தொலைந்தாலும் நோய் தெரியாது. கணினியைத் தொடாமலே இதைச் சொன்னவருக்கு என்ன சொல்லி நன்றி சொல்வது!

ஞாயிற்றுக்கிழமைத் தூக்கத்தை விட்டுவிட்டு வந்த கல்லூரிப் பிள்ளைகளுக்கு: நீங்கள் வந்த பிறகுதான் ‘மென்பொருள் வாங்கக் காசில்லை’ என்ற புலம்பல் நின்றது. தூக்கிப்போட இருந்த மடிக்கணினிகளில் லினக்ஸ் என்ற இலவச இயங்குதளத்தைப் போட்டீர்கள். களத்தில் விவரம் குறிக்க ஓடிகே என்ற கட்டற்ற மென்பொருளைக் காட்டினீர்கள். 2008-ல் வாஷிங்டன் பல்கலைக்கழகத்தில் தொடங்கிய வேலை அது; சிக்னல் எட்டாத இடத்திலும் ஓடும் என்பதால் எங்களுக்குத் தோதாகப் போயிற்று. அதில் படிவத்தை முடித்து மூடியதும் பூட்டிக்கொள்ளும்படி அமைத்தீர்கள். நிரப்பிய தொண்டரே நினைத்தாலும் அதே போனில் மறுபடி திறக்க முடியாது. பூட்ட ஒரு சாவி, திறக்க வேறு சாவி என்று நீங்கள் அரைமணி நேரம் விளக்கியும் எங்களுக்குப் பிடிபடவில்லை. கூட இருந்த ஒரு அக்கா, “கோயில் உண்டியல் மாதிரி. போட யாரும் போடலாம், எடுக்கத்தான் சாவி வேணும்” என்றார். இப்போது புதிதாக வருகிறவர்களுக்கு நாங்கள் சொல்வதும் அதே உண்டியல் கதைதான்.

அடுத்து ஒரு வழக்கறிஞரும் ஒரு தமிழாசிரியரும். இரண்டு பேரும் சேர்ந்து எங்கள் சம்மதப் படிவத்தை எழுதிய அந்த மூன்று மாலைகளை மறக்க முடியாது; அவ்வளவு சண்டை. 2023-ன் டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் ஒருவரிடம் சம்மதம் கேட்கும்போது தமிழ் உள்ளிட்ட அரசியல் சாசனத்தின் எட்டாம் அட்டவணை மொழிகளில் அவர் விரும்பியதில் படிக்க வழி வேண்டும் என்கிறது. சம்மதம் கொடுத்தது எவ்வளவு சுலபமோ, திரும்பப் பெறுவதும் அவ்வளவு சுலபமாக இருக்க வேண்டும் என்கிறது. வழக்கறிஞர் எழுதியது சட்டத்துக்குச் சரி, ஆச்சிமாருக்குப் புரியாது. ஆசிரியர் திருத்தியது புரிந்தது, சட்டம் ஒத்துக்கொள்ளுமா என்று சந்தேகம். கடைசியில் ஒரு பக்கத்தில் முடித்தார்கள். கடைசி வரி: ‘வேண்டாம் என்று எப்போது சொன்னாலும் அழித்துவிடுவோம், மருந்து நிற்காது.’

அந்தரங்கம் அடிப்படை உரிமை என்று 2017-ல் உச்ச நீதிமன்றத்தின் ஒன்பது நீதிபதிகள் தீர்ப்புச் சொன்ன கதையும் அந்த மாலைகளில்தான் வந்தது. வழக்குத் தொடுத்த ஓய்வுபெற்ற நீதிபதி புட்டசாமி அப்போதே எண்பது வயதைத் தாண்டியவர் என்று ஆச்சியிடம் சொன்னோம். “கேக்குறதுக்கு வயசு என்ன இருக்கு?” என்றார்.

வெளிநாட்டிலிருந்து பணம் அனுப்பும் அண்ணனுக்குத் தனியாக ஒரு பத்தி. மருந்துப் பையை வாங்குகிற முதியவரின் போட்டோ இல்லாமல் நன்கொடை வராது என்பதுதான் நாங்கள் பார்த்த உலகம். வேறொரு இடத்தில், முகத்தோடு இடமும் பதிவாகிய படம் வேண்டும் என்று கேட்டு, கொடுக்காததால் உதவியை நிறுத்தினார்கள். அந்த மாதம் உண்மையிலேயே கஷ்டப்பட்டோம். நீங்கள் மருந்துக்கடை ரசீதும் வரவு செலவும் போதும் என்றீர்கள். “எங்க அப்பத்தா கையேந்துற மாதிரி படம் போட்டா நான் பொறுத்துக்குவேனா?” என்றும் சொன்னீர்கள். வியாபாரத்தில் தருமத்துக்கென்று ஒதுக்கிய மகமைப் பணத்தை வாங்கியவரின் முகத்தை முன்னோர்கள் படம் பிடித்தா வைத்தார்கள்?

இப்போது வேலை கொஞ்சம் திசை மாறியிருக்கிறது. மருந்து கொடுக்கப் போகிற இடத்தில் அரைமணி உட்கார்ந்து, ஆதாரைக் கேட்கும் இடத்தில் கடைசி நான்கு எண் மட்டும் தெரிகிற பிரதியைக் கொடுக்கலாம் என்று சொல்லித் தருகிறோம். போலீஸ் என்று வீடியோவில் மிரட்டினால் போனை வைத்துவிட வேண்டும், பணம் போய்விட்டால் உடனே சைபர் மோசடிப் புகார் எண்ணான 1930-க்கு அடிக்க வேண்டும். ஓடிபி கேட்டவனிடம் ஒரு பள்ளத்தூர் ஆச்சி, “உனக்கெதுக்கப்பா அது?” என்று கேட்டிருக்கிறார். நாங்கள் சொல்லிக் கொடுத்ததில்லை.

ஒரு வேண்டுகோள். அந்தப் பழைய அட்டவணையை அப்போது தரவிறக்கி வைத்தவர்கள் சிலர் இருப்பீர்கள். போனில், மெயிலில், பென் டிரைவில் எங்கே இருந்தாலும் தேடி அழித்துவிடுங்கள். அச்செடுத்த தாள் இருந்தால் கிழித்துப் போடாமல் எரித்துவிடுங்கள். அழித்தவர்கள் எங்களுக்கு ஒரு வரி சொல்லுங்கள். இன்னும் இரண்டு பேர் பாக்கி என்பது எங்கள் கணக்கு.

நன்றியுடன்,
காரைக்குடியிலிருந்து, மருந்துப் பை தூக்குகிறவர்கள்