பார்க்கக் கற்றுக்கொடுக்கக் கை கொடுங்கள்: உயர்நிலைப் பள்ளி மாணவர்களுக்கான விலங்கு நலப் பாடத்திற்கு ஒரு நன்கொடை வேண்டுகோள்

அன்புடையீர், வணக்கம்.

ஒரு முயலை மல்லாக்கப் படுக்க வைத்து வயிற்றைத் தடவுகிறார்கள். அது அசையாமல், கண்ணை அகல விரித்தபடி கிடக்கிறது. எங்கள் குழு நடத்திய முதல் சோதனை வகுப்பில், பதினான்கு பதினைந்து வயது மாணவர்களுக்கு இந்தக் காணொளியைக் காட்டி, முயலுக்கு இப்போது எப்படி இருக்கும் என்று கேட்டோம். சுகமாக இருக்கிறது, தூக்கம் வருகிறது என்றார்கள் பெரும்பாலோர். அது தூக்கமில்லை. வேட்டை விலங்கின் பிடியில் சிக்கிய முயலுக்கு வருகிற உறைநிலை அது. தப்ப வழியே இல்லை என்று உடல் முடிவு கட்டும்போது ஏற்படும் பயம். இதைச் சொன்னதும் பின்வரிசை மாணவி ஒருத்தி அழத் தொடங்கினாள். தன் வீட்டு முயலை அவள் தினமும் அப்படித்தான் படுக்க வைத்திருக்கிறாள். அந்த முயல்மீது அவளுக்கு உயிர்.

அந்த ஒரு மணி நேரத்துக்குப் பிறகு எங்கள் வேலை என்ன என்பது எங்களுக்குத் தெளிவாகிவிட்டது. இந்த வயதுப் பிள்ளைகளிடம் இரக்கத்துக்குப் பஞ்சமில்லை. விலங்கின் உடல் பேசும் மொழியைப் படிக்க அவர்களுக்கு யாரும் கற்றுத்தரவில்லை. கூட்டிலிருந்து இறங்கிப் பறக்கப் பழகும் குஞ்சைத் தரையில் கண்டதும் அனாதை என்று எண்ணி வீட்டுக்கு எடுத்துச் செல்கிறார்கள். தாய்ப்பறவை பெரும்பாலும் பக்கத்து மரத்திலேயே இருக்கும். வளர்ந்த பூனைகள் பலவற்றுக்குப் பால் செரிக்காது என்பது தெரியாமல் கிண்ணம் நிறைய ஊற்றுகிறார்கள். காய்ச்சல் அடிக்கும் பூனைக்குப் பாரசிட்டமால் கொடுத்துவிடுகிறார்கள், அது பூனைக்கு நஞ்சு. தேவாங்கு இனத்தைச் சேர்ந்த சிறு விலங்கு ஒன்றைக் கிச்சுகிச்சு மூட்டினால் இரு கைகளையும் தூக்கும். அந்தக் காணொளியையும் ஆசையாக ஒருவருக்கொருவர் அனுப்பிக்கொள்கிறார்கள். கையைத் தூக்குவது அதன் தற்காப்பு; முழங்கையின் உட்பக்கச் சுரப்பியில் ஊறும் நஞ்சை வாயால் எடுப்பதற்கான ஆயத்தம். சிரிக்கிறது என்று நாம் நம்பும் சிம்பன்சியின் பல் காட்டல்கூடப் பல நேரங்களில் அச்சத்தின் அடையாளம்.

இதற்காகவே ஆசிரியர்களும் கால்நடை மருத்துவர்களும் பெற்றோர்களுமாகச் சேர்ந்து, ஒரு பருவம் முழுவதற்கும் பன்னிரண்டு பாடங்கள் கொண்ட திட்டம் ஒன்றை உருவாக்கியிருக்கிறோம். அதைப் பள்ளிகளுக்குக் கொண்டு சேர்க்கத்தான் உங்களிடம் கேட்கிறோம்.

ஏன் உயர்நிலை வகுப்புகள்? சிறு பிள்ளைகளுக்கு விலங்குக் கதைகள் நிறையவே கிடைக்கின்றன. தேர்வுச் சுமை ஏறுகிற வயதில் அந்தப் பேச்சு நின்றுபோகிறது. ஆனால், காரண காரியத்தோடு வாதிடவும், தான் நம்பியது தவறு என்று ஒப்புக்கொள்ளவும் முடிகிற வயது இதுதான். இன்னும் சில ஆண்டுகளில் இவர்களே பண்ணை நடத்துவார்கள், கூண்டுகளையும் வண்டிகளையும் வடிவமைப்பார்கள், ஆய்வகங்களில் வேலை பார்ப்பார்கள், வாக்களிப்பார்கள்.

பாடங்களில் அதிக நேரத்தை நாய்க்கு ஒதுக்கியிருக்கிறோம். நாய் கடிக்கும் முன் பெரும்பாலும் பலமுறை சொல்லிவிடுகிறது. உதட்டை நக்கும், தூக்கம் வராமலே கொட்டாவி விடும், முகத்தைத் திருப்பிக்கொண்டு கண்ணின் வெள்ளை தெரியப் பார்க்கும், உடல் விறைக்கும். வாலாட்டுவதெல்லாம் நட்பில்லை. விறைப்பாக உயர்த்திய வாலின் ஆட்டம் வேறு, உடம்பே நெளிய ஆட்டுவது வேறு. உறுமும் நாயை அடித்து அடக்கினால் அது எச்சரிக்கையை விட்டுவிட்டு நேரே கடிக்கக் கற்றுக்கொள்ளும். இவற்றைப் படங்களாகவும் குறும்படங்களாகவும் வைத்து, எந்த நொடியில் விலகியிருக்க வேண்டும் என்று மாணவர்களையே சொல்ல வைக்கிறோம்.

இது மனிதர்களின் உயிர் சார்ந்த பாடமும்கூட. உலகில் ஆண்டுதோறும் ஏறத்தாழ 59,000 பேர் வெறிநாய்க்கடி நோயால் இறக்கிறார்கள் என்பது உலகச் சுகாதார நிறுவனத்தின் மதிப்பீடு. பாதிக்கப்படுவோரில் பத்துக்கு நான்கு பேர் 15 வயதுக்குட்பட்டவர்கள். கடித்த இடத்தைச் சோப்பும் ஓடும் நீரும் கொண்டு 15 நிமிடம் கழுவ வேண்டும், உடனே தடுப்பூசிக்குப் போக வேண்டும். இந்த இரண்டையும் தூக்கத்தில் கேட்டாலும் சொல்லும் அளவுக்கு மாணவர்களுக்குப் பழக்குகிறோம். ஒரு பகுதியில் 70 விழுக்காடு நாய்களுக்குத் தடுப்பூசி போட்டால் நோய் பரவும் சங்கிலி அறுந்துவிடும் என்பதையும் கணக்குப் போட்டுக் காட்டுகிறோம். நாய்களைக் கொன்று தீர்ப்பதே வழி என்று அதுவரை வாதிட்ட மாணவர்கள் அந்தக் கணக்குக்கு முன் யோசிக்கத் தொடங்குவதைக் கண்ணால் பார்த்தோம்.

பண்ணை விலங்குகளுக்கான பாடம் ஒரு வெள்ளைத் தாளில் தொடங்குகிறது. ஐரோப்பிய ஒன்றியம் 2012இல் முற்றாகத் தடை செய்த பழைய வகை முட்டைக்கோழிக் கூண்டுகளில், கடைசி ஆண்டுகளில் ஒரு கோழிக்கு விதிக்கப்பட்டிருந்த குறைந்தபட்ச இடம் 550 சதுர சென்டிமீட்டர். ஏ4 தாளைவிடச் சிறியது. ஆளுக்கு ஒரு தாளைக் கொடுத்து, அதற்குள் ஒரு கோழி சிறகை விரிக்க முடியுமா என்று அளந்து பார்க்கச் சொல்கிறோம். பிறகு 1965க்குப் போகிறோம். பிரிட்டனில் விலங்கியல் பேராசிரியர் பிராம்பெல் தலைமையில் அரசு அமைத்த குழு, பண்ணை விலங்குக்கு எழுந்து நிற்க, படுக்க, திரும்ப, உடலைச் சுத்தம் செய்துகொள்ள, கைகால் நீட்ட இடம் வேண்டும் என்று எழுதியது. இவ்வளவு எளிய ஒன்றைக் கேட்பதற்கே ஓர் அரசுக் குழு தேவைப்பட்டது! அதிலிருந்துதான் 1979இல் ஐந்து சுதந்திரங்கள் என்ற வரையறை உருவானது: பசி தாகத்திலிருந்து, உடல் அவதியிலிருந்து, வலி, காயம், நோயிலிருந்து, அச்சத்திலிருந்தும் மன வேதனையிலிருந்தும் விடுதலை, கூடவே, தன் இயல்புப்படி நடந்துகொள்ளும் சுதந்திரம். ஆய்வக விலங்குகளைப் பற்றிய பாடம், பிரிட்டன் அறிவியலாளர்களான ரஸ்ஸலும் பர்ச்சும் 1959இல் முன்வைத்த மூன்று கொள்கைகளிலிருந்து புறப்படுகிறது: மாற்று வழி தேடுதல், எண்ணிக்கையைக் குறைத்தல், வேதனையைத் தணித்தல்.

எங்கள் தவறு ஒன்றையும் இங்கே சொல்ல வேண்டும். தொடக்கத்தில் நாங்கள் தயாரித்த பாடத்தில் அடிபட்ட, வதைபட்ட விலங்குகளின் படங்கள் இருந்தன. சிலர் முகத்தைத் திருப்பிக்கொண்டார்கள், சிலர் கூச்சத்தில் சிரித்தார்கள். படித்தது எதுவும் யார் மனத்திலும் தங்கவில்லை. அவை அத்தனையையும் நீக்கிவிட்டோம். இப்போது மாணவர்கள் ஒரு விலங்கை அல்லது பறவையைத் தொடாமல் இருபது நிமிடம் பார்த்துக் குறிப்பெழுதுகிறார்கள். முதல் ஐந்து நிமிடம் சலிப்புதான். பத்தாவது நிமிடத்தில் பேனா வேகமெடுக்கிறது.

என்ன உண்ண வேண்டும் என்று நாங்கள் மாணவர்களுக்குச் சொல்வதில்லை. குழுவுக்குள்ளேயே இதில் ஒருமித்த கருத்து கிடையாது. பலமுறை நீண்ட நேரம் வாதிட்டிருக்கிறோம். ஒரு விலங்கு எதை உணர்கிறது, அது நமக்கு எப்படித் தெரியும் என்ற கேள்விகளோடு வகுப்பு நிற்கிறது. அதற்கப்பால் முடிவெடுப்பது மாணவரும் அவர் குடும்பமும். வகுப்பறையில் விலங்குகளை வளர்க்கவும் மாட்டோம். நீண்ட விடுமுறையில் அவற்றை யார் பார்ப்பார்கள் என்ற கேள்விக்கு எந்தப் பள்ளியிடமும் நல்ல பதில் இல்லை.

இனி, பணம். பெரும்பகுதி ஆசிரியர் பயிற்சிக்குப் போகும். இரண்டு நாள் முகாமில் ஓர் ஆசிரியர் இதைக் கற்றுக்கொண்டால், ஆண்டுதோறும் வருகிற அவருடைய வகுப்புகள் அனைத்துக்கும் அது போய்ச் சேரும். ஆகவே எங்கள் முதல் செலவு அதுதான். அடுத்தது மாணவர் பயிற்சி ஏடுகளை அச்சிடுவது. குறும்படங்களுக்கு உரிமை பெறுவதும், பார்வைக் குறைபாடுள்ள மாணவர்களுக்காக ஒலிப்பதிவு செய்வதும், வகுப்புக்கு வரும் கால்நடை மருத்துவர்களின் பயணச் செலவும் எஞ்சியவை. குழு உறுப்பினர் எவருக்கும் ஊதியம் இல்லை. ஒவ்வொரு காலாண்டிலும் வரவு செலவுக் கணக்கைத் தணிக்கை செய்து, கொடுத்தவர் அனைவருக்கும் அனுப்புவோம்.

எவ்வளவு சிறிய தொகையானாலும் தயங்காமல் தாருங்கள். மாதந்தோறும் கொஞ்சம் தருவதாக இருந்தால், அடுத்த முகாமுக்கு நாள் குறிக்க எங்களுக்குத் துணிவு வரும். தொகையைக் குழுவின் வங்கிக் கணக்கில் மட்டும் செலுத்துங்கள். கணக்கு விவரத்தைப் பொருளாளரிடம் கேட்டுப் பெறலாம், ரசீது கட்டாயம் கிடைக்கும். பாடத்தில் எந்தக் கருத்து இடம்பெற வேண்டும் என்ற நிபந்தனையோடு வரும் பணத்தை, அது எவ்வளவு பெரிதானாலும், ஏற்க மாட்டோம். பணம் தர இயலாதவர்கள் வேறு விதத்தில் உதவலாம். நல்ல விலங்குப் படங்கள் எடுப்பவர்கள், ஓவியம் வரைபவர்கள், மெய்ப்புப் பார்க்கத் தெரிந்தவர்கள் எங்களுக்கு உடனடியாகத் தேவைப்படுகிறார்கள்.

முதல் முகாமுக்கு முப்பது ஆசிரியர்கள் பெயர் கொடுத்துவிட்டார்கள். இடமும் கிடைத்துவிட்டது. ஏடுகள்தாம் இன்னும் அச்சுக்குப் போகவில்லை.

அன்புடன்,
விலங்கு நலப் பாடத்திட்டக் குழுவினர்