பாலஸ்தீனச் சிக்கல் ஈராயிரம் ஆண்டுப் பழசா?

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். சென்ற இதழில் வந்த பாலஸ்தீனக் கட்டுரை இன்றைய நிலவரத்தை நன்றாகவே விளக்கியிருந்தது. ஆனால் தொடக்கத்திலேயே, இது இரு இனங்களுக்கு இடையே ஈராயிரம் ஆண்டுகளாகத் தொடரும் பகை என்று கட்டுரையாளர் முடித்துவிட்டார். அந்த ஒரு வரியில் பிரிட்டன் முதல் அமெரிக்கா, சோவியத் ஒன்றியம் வரை எல்லோரும் குற்றவாளிக் கூண்டிலிருந்து இறங்கிப் போய்விடுகிறார்கள். அதனால்தான் இந்தக் கடிதம்.

துருக்கியர் ஆட்சியில் ஜெருசலேமிலும் ஹெப்ரானிலும் யூதர்கள் அரபிகளுக்கு நடுவேதான் வாழ்ந்தார்கள். உரசல் இல்லாமல் இல்லை. 1880களில் ஐரோப்பாவிலிருந்து குடியேற்றம் தொடங்கியதும் நிலத் தகராறுகளும் வந்தன. ஆனால் இந்த மண்ணை யார் ஆள்வது என்ற சண்டையாக அது முற்றியது முதல் உலகப்போரின்போது நடந்த பேரங்களால்தான்.

1915இல் எகிப்திலிருந்த பிரிட்டிஷ் உயர் ஆணையர் மெக்மஹோன், மெக்காவின் அரபுத் தலைவர் ஷரீஃப் ஹுசைனுக்குக் கடிதம் எழுதினார். துருக்கிக்கு எதிராகக் கிளம்பினால் அரபு சுதந்திரத்தை ஆதரிப்போம் என்றார். பாலஸ்தீனம் அதில் சேர்த்தியா என்பதை மட்டும் தெளிவாகச் சொல்லவில்லை. 1916இல் சைக்ஸ்–பிக்கோ ரகசிய ஒப்பந்தம்: பிரிட்டனும் பிரான்சும் பங்கு போட்டுக்கொண்டு, பாலஸ்தீனத்தின் பெரும்பகுதியைப் பன்னாட்டு நிர்வாகத்துக்கு என்று ஒதுக்கின. 1917 நவம்பர் 2 அன்று வெளியுறவு அமைச்சர் பால்ஃபர், பாலஸ்தீனத்தில் யூதர்களுக்குத் தேசிய இல்லம் அமைய உதவுவோம் என்று பிரிட்டிஷ் யூதப் பிரமுகர் ராத்ஸ்சைல்டு பிரபுவுக்கு எழுதினார். ஒரே மனைக்கு மூன்று பேரிடம் அட்வான்ஸ் வாங்கும் தரகர்களை நமக்குத் தெரியும். இங்கே மனையே தரகர் கைக்கு இன்னும் வந்திருக்கவில்லை!

பால்ஃபர் கடிதத்துக்கு யூதர்கள் மேலிருந்த பரிவு மட்டும் காரணமல்ல. சூயஸ் கால்வாய்க்குப் பக்கத்தில் பிரான்ஸ் வந்து உட்காரக் கூடாது. அமெரிக்காவிலும் ரஷ்யாவிலும் உள்ள யூதர்கள் போரில் நேச நாடுகள் பக்கம் நிற்க வேண்டும். இந்தக் கணக்குகளும் இருந்தன. வேடிக்கை என்னவென்றால், பிரிட்டிஷ் அமைச்சரவையில் இதைக் கடுமையாக எதிர்த்தவர் ஒரு யூதர். நம் பாடப்புத்தகத்து மாண்டேகு–செம்ஸ்ஃபோர்டு சீர்திருத்தத்தின் மாண்டேகுவேதான். பாலஸ்தீனம்தான் யூதர்களின் நாடு என்று சொல்லிவிட்டால், ஒவ்வொரு நாடும் தன் யூதக் குடிமக்களை அந்நியர்களாகப் பார்க்கத் தொடங்கும் என்று எச்சரித்தார். இறுதி முடிவு எடுத்தபோது அவர் இந்தியப் பயணத்தில் இருந்தார்.

அந்தக் கடிதத்தில் யூதரல்லாத மக்களின் சிவில், மத உரிமைகள் காக்கப்படும் என்று ஒரு வரி உண்டு. அரசியல் உரிமை பற்றிப் பேச்சே இல்லை. அன்று அவர்கள் மக்கள்தொகையில் பத்தில் ஒன்பது பங்கு. 1919இல் அமெரிக்க அதிபர் வில்சன் அனுப்பிய கிங்–கிரேன் குழு அங்கே போய் மக்களைக் கேட்டது. பெரும்பான்மையினர் எதிர்க்கிறார்கள், சியோனிசத் திட்டத்தை, அதாவது பாலஸ்தீனத்தில் யூதர்களுக்கு நாடு அமைக்கும் திட்டத்தை, பெரிதும் குறைக்க வேண்டும் என்று அறிக்கை தந்தது. அது 1922 வரை வெளியிடப்படவில்லை. அதற்குள் 1920இல் நேச நாடுகளின் சான் ரெமோ மாநாட்டில் பாலஸ்தீனம் பிரிட்டனின் பொறுப்புக்குப் போய்விட்டது.

அடுத்து வந்ததுதான் எனக்கு எல்லாவற்றையும்விடக் கொடுமையாகப் படுகிறது. அமெரிக்கா 1924லேயே குடியேற்றக் கதவைப் பெரும்பாலும் சாத்திவிட்டது. 1933இல் ஹிட்லர் வந்தார். தப்பி ஓடிய யூதர்களை ஏற்க ஆளில்லை. 1935இல் மட்டும் 60,000க்கும் மேற்பட்டோர் பாலஸ்தீனம் வந்தார்கள். அடுத்த ஆண்டு அரபுக் கிளர்ச்சி வெடித்தது. 1938இல் பிரான்சின் எவியானில் 32 நாடுகள் கூடி அனுதாபம் தெரிவித்தன. கணிசமான பேரை ஏற்க முன்வந்தது டொமினிக்கன் குடியரசு ஒன்றுதான். 1939இல் பிரிட்டனும் தன் வாக்கிலிருந்து பின்வாங்கிவிட்டது: ஐந்தாண்டில் 75,000 யூதர்கள்தான் வரலாம், அப்புறம் அரபிகள் சம்மதித்தால் மட்டுமே. உயிருக்குத் தப்பி ஓட வேறு வழி இல்லாத நேரத்தில் அந்தக் கதவும் மூடியது. ஐரோப்பா செய்த பாவத்துக்கு அரபிகள் ஏன் நிலம் கொடுக்க வேண்டும் என்ற கேள்விக்கும் பதில் இல்லை.

உள்ளூர்த் தலைவர்கள் எல்லாம் வெறும் பொம்மைகள் என்று நான் சொல்ல வரவில்லை. சியோனிசத் தலைவர்கள் வைஸ்மனும் பென் குரியனும் சந்தர்ப்பங்களைக் கச்சிதமாகப் பயன்படுத்தினார்கள். ஜெருசலேமின் முஸ்லிம் மதத் தலைவரான முஃப்தி அமீன் அல் ஹுசைனி ஹிட்லரிடம் போய் நின்று தன் மக்களுக்கே கேடு செய்தார். இருந்தாலும் ஆட்டத்தின் விதிகளை வகுத்தது அவர்கள் அல்ல.

1947 நவம்பர் 29 அன்று ஐ.நா. பொதுச்சபையில், பாலஸ்தீனத்தை யூத நாடு, அரபு நாடு என்று பிரிக்கும் தீர்மானம் 33க்கு 13 என்று நிறைவேறியது. அமெரிக்காவும் சோவியத் ஒன்றியமும் சேர்ந்து ஆதரித்தன. சிக்கலைத் தொடங்கி வைத்த பிரிட்டன் வாக்களிக்காமல் ஒதுங்கிக்கொண்டது. மக்கள்தொகையில் மூன்றில் ஒரு பங்காக இருந்த யூதர்களுக்குப் பாதிக்கும் மேற்பட்ட நிலம் என்பதை அரபிகள் ஏற்கவில்லை. தொடர்ந்த போரில் சுமார் 7 லட்சம் பாலஸ்தீனர்கள் அகதிகளானார்கள்.

அந்தத் தீர்மானத்துக்கு முன் பாலஸ்தீனம் பற்றி ஆராய்ந்த ஐ.நா. விசாரணைக் குழுவில் இந்தியாவும் இருந்ததைக் கட்டுரை குறிப்பிடவே இல்லை. ஈரான், யூகோஸ்லாவியாவுடன் சேர்ந்து, பிரிக்காமல் ஒரே கூட்டாட்சி நாடாக வைக்கலாம் என்று இந்தியா மாற்றுத் திட்டம் தந்தது. இந்தியாவின் பிரதிநிதி சர் அப்துர் ரஹ்மான். நம் நாடே பிளவுபட்ட அதே ஆண்டில் வைத்த யோசனை அது. அடுத்த இதழ் ஒன்றில் அதைப் பற்றி இரண்டு பக்கம் விரிவாக எழுதச் சொல்லுங்கள்.

இப்படிக்கு,
நெடுநாள் வாசகர்,
விருத்தாசலம்