ராகி அடியில், கடலை மேலே

பென்னாகரம்

அன்புள்ள முனிராஜ்,

உன் கடிதம் கிடைத்தது. ராகி நன்றாக வந்திருக்கிறது என்றதில் சந்தோஷம். இங்கே சாமை களத்தில் கிடக்கிறது. வெயிலுக்குக் காத்திருந்தால் மேகம்தான் கட்டுகிறது.

சத்துமாவுக்குக் கலந்து அனுப்பிய டிரம்மில் மேலே வேர்க்கடலையும் அடியில் வெறும் ராகியுமாக இருந்ததென்று ஏற்றிவிட்ட ஆட்களைத் திட்டியிருக்கிறாய். பாவம், அவர்கள் ஒழுங்காகத்தான் கலந்திருப்பார்கள். தேன்கனிக்கோட்டையிலிருந்து ராயக்கோட்டை, பாலக்கோடு வழியாக வண்டி குலுங்கி வந்ததே, பிரித்தது அதுதான். இன்னும் அரைமணி நேரம் கலந்திருந்தாலும் இதே கதிதான்.

வண்டி தூக்கிப் போடும்போதெல்லாம் தானியம் ஒரு கணம் தளர்கிறது. கடலைக்கு அடியில் சின்ன சந்து விழுகிறது. உடனே ராகி அதில் புகுந்துகொள்கிறது. கடலை திரும்ப இறங்க வேண்டுமானால் கீழே உள்ள ராகியெல்லாம் ஒரே சமயத்தில் விலக வேண்டும். அது எங்கே நடக்கும்? ஆக, கடலை தானாக ஏறவில்லை, ராகி முட்டுக்கொடுத்துத் தூக்குகிறது. 1987இல் ரொசாட்டோ என்ற ஆய்வாளரும் கூட்டாளிகளும் இதைக் கணினியில் கணக்குப் போட்டுக் காட்டினார்கள்.

அளவையும் பார். ஒரே அளவு உருண்டைகள் மூன்று ஒட்டி நின்றால், அவற்றின் விட்டத்தில் ஆறரையில் ஒரு பங்குள்ள மணி நடுச் சந்து வழியே நழுவிவிடும். 10 மி.மீ. கடலைக்கு அது ஒன்றரை மி.மீ.; ராகி ஏறக்குறைய அவ்வளவுதான். குலுக்காமலே வழியப் பார்க்கும். 5 மி.மீ. கொள்ளில் அந்தச் சந்து முக்கால் மி.மீ.தான், அதனால் ராகி குலுக்கினால்தான் இறங்கும்.

இன்னொரு காரணமும் உண்டு. 1993இல் நைட், யேகர், நேகல் என்ற ஆய்வாளர்கள் மூவரும் சாயம் பூசிய மணிகளை ஒரு படலமாக வைத்துக் குலுக்கிப் பார்த்தார்கள். நடுவில் மணிகள் மேலே வருகின்றன, சுவரோரம் மெல்லிய பட்டையாகக் கீழே இறங்குகின்றன. பெரிய மணி நடு ஓட்டத்தோடு ஏறிவிடும். ஓரத்துப் பட்டைக்குள் நுழைய இடமில்லாமல் மேலேயே தங்கிவிடும். நீயே செய்து பார்க்கலாம். நேர்ச்சுவருள்ள கண்ணாடி ஜாடியின் உட்புறம் பாதி சுற்றுக்கு உப்புத்தாள் ஒட்டு. வழவழப்பான சுவரில் ஓட்டம் சரியாகப் பிடிக்காது, மீதிப் பாதி பார்ப்பதற்கு. ராகிக்கு நடுவே மஞ்சள் தடவிய ராகியை ஒரு விரல் கனத்துக்குப் பரப்பி, ஜாடியை நேராகத் தூக்கித் தூக்கி மேசைமேல் தட்டு. பக்கவாட்டில் ஆட்டாதே. வாய் அகன்று அடி குறுகிய பாத்திரமாக இருந்தால் ஓட்டம் தலைகீழாகும்: ஓரத்தில் ஏறி நடுவில் இறங்கும்.

கடலை லேசானது என்பதால் மிதக்கிறது என்று நினைத்துவிடாதே, இரும்புக் குண்டும் இப்படி மேலே வரும். அதற்காக எடைக்கு வேலையே இல்லை என்றும் இல்லை. முறத்தில் கொழிக்கும்போது ராகி அளவே உள்ள கல் பிரிவது கனத்தால்தான். அங்கே அளவு உதவாது.

இனிச் செய்ய வேண்டியது: தானியங்களைத் தனித்தனி மூட்டையில் அனுப்பு, மாவு மில்லில் எடை போட்டு அங்கேயே கலக்கட்டும். கலந்துதான் அனுப்ப வேண்டுமென்றால் கடலையை ஒன்றிரண்டாக உடைத்துவிடு, டிரம்மில் மேலே காலி இடம் விடாதே. தண்ணீர் தெளித்து ஒட்டவைக்கலாம் என்று யாராவது சொன்னால் கேட்காதே, பூஞ்சை பிடிக்கும். ஒரே இடத்தில் குவியலாகக் கொட்டவும் வேண்டாம். கடலை சரிவில் உருண்டு ஓரத்துக்குப் போகும், ராகி நடுவில் நின்றுவிடும். அந்த ஓரத்தில் ஒரு கை அள்ளி மாதிரி பார்த்தால் ஏமாறுவாய். குவியலைத் தட்டையாக்கி நான்காகப் பிரித்து, எதிரெதிர் இரண்டு பங்கை எடுத்து மறுபடி அதேபோல் பிரி. கடைசியில் மிஞ்சுவதுதான் மாதிரி.

இப்போது வந்திருக்கும் டிரம்மை அப்படியே அரைக்கக் கொடுக்கவில்லை. தார்ப்பாயில் முழுவதும் கொட்டி, மண்வெட்டியால் புரட்டி, அங்கேயே அள்ளி மில்லுக்குள் போடச் சொல்லியிருக்கிறேன். காலி டிரம் வியாழக்கிழமை வண்டியில் வரும்.

அன்புடன்,
மாதேஷ்